முனீஸ்வரிக்கு வேர்ப்பதில்லை

“உனக்குத்தான் வேர்க்கவே வேர்க்காதே, அப்புறம் என்னடி பயம்?”

உங்கள் மகளிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது, அக்கா. ஒட்டுக்கேட்கவில்லை. இந்த மினிபஸ்ஸில் பின் சீட்டில் பெருமூச்சு விட்டால்கூட முன் சீட்டுக்குக் கேட்கும். நான் சாதாரணமாக யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. காலேஜில் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கே என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் நீங்கள் சொன்ன அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை.

நீலக் கேட் போட்ட பனியன் கம்பெனிக்குத்தானே போகிறீர்கள்? மடிப்பு டேபிளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார்கள். வேர்க்காத பிள்ளையாக இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருப்பார்களே? சொன்னார்களா? பார்த்தீர்களா, எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். ஸ்டாப் வர இன்னும் நேரம் இருக்கிறது. கேளுங்கள். தங்கச்சியும் கேட்கட்டும்.

வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. தைத்த துணி அயர்ன் மாஸ்டர்களிடம் வரும். அவர்கள் நீராவிப் பெட்டியில் தேய்த்து எதிர் டேபிளுக்குத் தள்ளுவார்கள். நாங்கள் நின்றுகொண்டே மடித்துக் கவரில் போட வேண்டும். துணியிலிருந்து எழும்புகிற ஆவி மேலே தகரக் கூரையில் முட்டி, மறுபடி எங்கள் தலையிலேயே இறங்கும். ஃபேன் போடக் கூடாது. போட்டால் கவர் பறக்கும், மடிப்புக் கலையும். இட்லிச் சட்டியை மூடி வைத்து அடியில் தீயைப் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான். இட்லியாவது வெந்ததும் இறக்கிவிடுவார்கள்.

போன வருஷம் சித்திரையில் வெள்ளை ஆர்டர் வந்தது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு வெள்ளைச் சட்டை. எத்தனை மெல்லிசு தெரியுமா? உள்ளங்கையை அடியில் வைத்தால் ரேகை தெரியும். அதில் ஒரு சொட்டு வேர்வை விழுந்தால் அப்போது ஒன்றும் தெரியாது. கவருக்குள் அடைபட்டு, கப்பலில் போய், அந்த ஊரில் பிரிக்கும்போது மஞ்சள் வட்டமாக நிற்கும். பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் எங்கள் சூப்பர்வைசர் சென்னியப்பன் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து டேபிளுக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு வெள்ளைப் பனியன் துண்டு கொடுப்பார். நெற்றியில் ஒற்றி அவரிடம் காட்ட வேண்டும். துண்டு நனைந்திருந்தால் கலர் டேபிளுக்கு மாற்றிவிடுவார். காய்ந்திருந்தால்தான் வெள்ளை டேபிள். இதற்கு எங்கள் ஹாலில் ‘ஒத்திக் காட்டறது’ என்று பெயர்.

இதில் என்ன இருக்கிறது, எந்த டேபிளில் நின்றால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஹாலின் கோடியில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு சாம்பிள் ரூம் இருக்கிறது. புது மாடல் துணிகளை அங்கே வைத்திருப்பார்கள். துணி கெட்டுவிடக் கூடாது என்று அதற்கு ஏசி. அங்கே இருந்த பெண் கல்யாணமாகிக் கரூருக்குப் போய்விட்டாள். சென்னியப்பன் சார் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: “வெள்ளை ஆர்டர் முடியற வரைக்கும் யாரு கையில கறை இல்லாம வருதோ, அந்த அம்மிணிதான் உள்ளே.”

அந்த ரூமுக்குத் தகுதியான ஆள் நான்தான், அக்கா. துணியில் தொங்குகிற சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். நான் விலங்கியலில் டிகிரி வாங்கியவள். உடலியங்கியல் பேப்பரில் வகுப்பிலேயே அதிக மார்க் எனக்குத்தான். முனீஸ்வரி பிளஸ் டூ. அதுவும் முதுகுளத்தூர்ப் பக்கம்.

முனீஸ்வரி யார் என்று சொல்லவில்லையே. அதற்கு முந்தின மாசம், பங்குனியில் வந்து சேர்ந்தவள். என் எதிர் இடம். கறுப்பாக, ஒடிசலாக இருப்பாள். வந்த முதல் நாளே எல்லோரையும் ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிட்டுக் கூட்டாளியாக்கிக்கொண்டாள். நாங்கள் முந்தானையைப் பிழிந்துகொண்டு நிற்கும்போது, “எங்கூரு வெயிலப் பாத்ததில்லையே நீங்க. கருவேல மரமே நெழலத் தேடும்” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். சென்னியப்பன் சார்கூட. நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து அவரைச் சிரிக்க வைத்ததில்லை.

அவள் துண்டு நனையாது. முதல் நாள் கொஞ்சம் ஈரம் இருந்தது, நான் பார்த்தேன். நான் எல்லாவற்றையும் பார்ப்பேன், பேசாதவர்களுக்கு அதுதானே வேலை. அடுத்த வாரம் அந்த ஈரமும் இல்லை. சார் அந்தத் துண்டை எல்லோருக்கும் முன்னால் உதறிக் காட்டினார். “இதப் பாருங்க அம்மிணிகளா. ராமநாதபுரத்து ஒடம்பு. வெயில்லயே வார்த்தது.” என் துண்டைப் பார்க்காமலே, அவளுக்கு எதிரே இருக்கிற கலர் டேபிளுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

எனக்கு நெற்றியில் ஊற்று இருக்கிறது, அக்கா. அம்மா வழி. என்ன செய்ய? படிகாரத்தைத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தேன். தோல் எரிந்து செதில் செதிலாக வந்ததுதான் மிச்சம். பவுடரை அப்பினேன். அது கோடு கோடாக வழிந்தது. அப்புறம் அவள் என்ன செய்கிறாள் என்று கவனித்தேன். தண்ணீரே குடிப்பதில்லை. டிபன் டப்பாவோடு கொண்டு வருகிற பாட்டில் மாலையில் அப்படியே திரும்பிப் போகும். பாத்ரூமுக்கும் போக மாட்டாள். போனால் டேபிள் நின்றுவிடும் அல்லவா? அவள் உதடு வெடித்து ஓரத்தில் வெள்ளை கட்டியிருக்கும். அதை நாக்கால் தடவிக்கொண்டே மடிப்பாள். சரி, இதுதான் ரகசியம் என்று நானும் தண்ணீரை நிறுத்தினேன்.

நூல் வெட்டுகிற ருக்குமணி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்மிணி, மூஞ்சி ஏன் இப்பிடிக் கெடக்குது? தண்ணி குடிச்சயா?”

“தாகமில்லீங்க.”

“அவளப் பாத்துட்டு நீயும் ஆரம்பிச்சுட்டயா? வேர்வைக்கெல்லாமாடி போட்டி? எங்க காலத்துல மாப்பிள்ளைக்குத்தான் போட்டி போடுவோம்.” மோரில் உப்புப் போட்டு டம்ளரை நீட்டினாள். நான் வாங்கவில்லை. அன்று சாயங்காலம் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியவில்லை. தலைக்குள் யாரோ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியும் மறுநாள் வேர்த்தது! என் உடம்பு எனக்கு எதிரி, அக்கா. அவள் உடம்பு அவள் சொன்னபடி கேட்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எதிரில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

பொறாமை இல்லை. அப்படி நினைக்காதீர்கள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

வைகாசியில் ஒரு ராத்திரி மழை பெய்தது. கோடை மழை, அரைகுறை மழை. விடிந்ததும் வெயில் சுள்ளென்று வந்தது. தரையெல்லாம் ஆவி. ஹாலுக்குள் கால் வைத்ததும் ஈரக் கம்பளியால் வாயைப் பொத்தியது போல இருந்தது. அன்றைக்கு அயர்ன் மாஸ்டர்களே பனியனைக் கழற்றிவிட்டு நின்றார்கள். எனக்கு வேர்த்த வேர்வை காயவே இல்லை. அப்படியே உடம்பில் எண்ணெய் மாதிரி நின்றது. முனீஸ்வரி மட்டும் காய்ந்த சுண்டல் மாதிரி நின்றாள்.

அன்று கறை படிந்த கவரை மாற்றுவதற்காக என்னை வெள்ளை டேபிளுக்கு அனுப்பினார்கள். அவள் பக்கத்தில் நின்றேன். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. அவ்வளவு கறுப்புத் தோலில் அப்படி ஒரு சிவப்பு எப்படி வரும்? கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைத்த மாதிரி. இதற்கு என்ன பூசுகிறாளோ என்று நினைத்தேன். கவரை வாங்கும்போது கை பட்டது. அயர்ன் மேஜை மாதிரி சுட்டது. ஆனால் முழங்கையில் மயிர்க்கால் எல்லாம் குளிரில் நிற்பது போல் புடைத்திருந்தது. ஒரு பெண்ணுக்கு எத்தனை அதிசயம் வேண்டும், சொல்லுங்கள்.

ஒத்திக் காட்டச் சொன்னார்கள். அவள் துண்டு இஸ்திரி போட்டது மாதிரி வந்தது. சென்னியப்பன் சார் அதை மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். “இன்னும் நாலு நாள்ல ஆர்டர் முடியுது. உள்ள போறதுக்கு ரெடியா இரு அம்மிணி” என்றார்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “மதினி, தண்ணி வண்டி வந்துருச்சா?” என்று கேட்டாள்.

அக்கா என்று கூப்பிடுகிறவள் என்னைப் போய் மதினி என்கிறாள். தண்ணீர் வண்டி என்கிறாள். கேலிதானே? ஜெயித்துவிட்டோம் என்ற திமிர். அவள் தானாகவே சிரித்துக்கொண்டு மடிக்க ஆரம்பித்தாள். என்ன மடிப்பு! சட்டைக் கையை உள்ளே மடிக்க வேண்டிய இடத்தில் வெளியே விட்டாள். கழுத்தைக் கீழே வைத்தாள். ஒரு சட்டையை எடுத்துத் தன் கைக்கு மாட்டிவிட்டு, அதற்குப் பொத்தான் தேடினாள். நின்ற இடத்திலேயே லேசாக ஆடினாள், பாட்டுக் கேட்பது மாதிரி.

நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஐந்தாறு சட்டை தப்பாகப் போகட்டும் என்று காத்திருந்தேன். சாட்சி வேண்டுமே. அப்புறம் நேராகச் சென்னியப்பன் சாரிடம் போனேன். அவரிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

“சார், முனீஸ்வரி மடிப்பைத் தப்புத் தப்பாப் போடறாங்க.”

அவர் நம்பவில்லை. “யாரு, முனீஸா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் பின்னாலேயே வந்தேன். அவர் திட்டுவதை நான் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும் அல்லவா?

அவர் கிட்டே வந்து, “என்ன அம்மிணி இது?” என்று ஒரு சட்டையைத் தூக்கினார். அவள் அவரையே பார்த்தாள். கண் அவர் முகத்தில் நிற்கவில்லை, பின்னால் சுவரில் எங்கேயோ நின்றது. “அய்யா, மாட்ட நெழல்ல கட்டுங்க” என்றாள். அப்படியே டேபிளோடு சாய்ந்தாள். மடித்து வைத்த வெள்ளை எல்லாம் அவள் மேலேயே சரிந்தது.

ருக்குமணி அக்கா ஓடிவந்து தொட்டுப் பார்த்துவிட்டு, “ஐயோ, கொதிக்குதே, இது கொதிக்குதே!” என்று கத்தினாள். அயர்ன் மாஸ்டர்கள் தூக்கிக்கொண்டு லோடு ஏற்றுகிற பக்கம் ஓடினார்கள். சேலையைத் தளர்த்தி, குடி தண்ணீர்க் கேனைத் தலையிலிருந்து கால் வரை கவிழ்த்தார்கள். அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினார்கள். ருக்குமணி அக்கா எதிர்க் கடையில் ஐஸ் வாங்கி வந்து அவள் அக்குளில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கைகால் வெட்டி இழுத்தது. நான் கீழே விழுந்த சட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். யாராவது மிதித்துவிட்டால்? அத்தனையும் வெள்ளை.

ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். தெர்மாமீட்டரைப் பார்த்து நர்ஸ் உதறிவிட்டு மறுபடி வைத்தார். சென்னியப்பன் சாரை டாக்டர் பிடி பிடியென்று பிடித்தார். “காத்துல ஈரம் நெறைஞ்சு கெடந்தா வேர்வை காயாது, ஒடம்பு ஆறாது. ஆறலைன்னா உள்ளயே வேகும். வேர்க்கறது நின்னு போச்சுன்னா அது பெருமையில்லைங்க, கடைசி மணி. மூளை, கிட்னி, ஈரல் எல்லாம் அடி வாங்கும்” என்றார். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன், வேர்வைச் சுரப்பிக்குப் பாகங்கள் எல்லாம் குறித்து. அவர் என்னமோ புதிதாகச் சொல்கிற மாதிரி எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

“முதல்ல யாரு பாத்தது?” என்று கேட்டார் டாக்டர். சார் என்னைக் காட்டினார். “நல்ல வேளைம்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கையில கெடைச்சிருக்காது.” முதுகுளத்தூரிலிருந்து முனீஸ்வரியின் அம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எம்புள்ளையப் பாத்து நடக்க ஒரு ஆளு இருந்திருக்கியே தாயி.” எனக்குக் கூச்சமாக இருந்தது. உண்மையாகவே அவளை என்னைப் போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் நான் மறுக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், அக்கா. இத்தனைக்குப் பிறகு சாம்பிள் ரூம் யாருக்குக் கிடைத்திருக்க வேண்டும்? கறை இல்லாமல் முடித்தவளுக்கு என்றுதானே பேச்சு? அவள் முடிக்கவே இல்லையே. ஒரு டேபிள் வெள்ளையைக் கீழே தள்ளியவள் ஆயிற்றே.

அவளுக்குத்தான் கிடைத்தது. ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். இனிமேல் அவள் உடம்பு சூடு தாங்காதாம், மறுபடி ஒரு தடவை வந்தால் அவ்வளவுதானாம், குளிர்ச்சியான இடத்தில்தான் இருக்க வேண்டுமாம், டாக்டர் சொல்லிவிட்டாராம். வெளியே விஷயம் போகக் கூடாது என்று கம்பெனிக்கும் பயம். உள்ளே வைத்துவிட்டார்கள். விழுந்தவளுக்கு ஏசி. நின்றவளுக்கு நீராவி. இது எந்த ஊர் நியாயம்?

கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்க்கிறேனே, தினமும் பார்க்கிறேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்கிறாள், அக்கா! திருப்பூரில், சித்திரையில், ஸ்வெட்டர்! நடக்கும்போது அடிமேல் அடி வைத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு, அரண்மனையில் நடக்கிற மாதிரி நடக்கிறாள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் கை நடுங்கிக் கீழே போட்டுவிடுகிறாள். அதை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள். சீட்டில் உள்ளதை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். அந்த வேலையை நான் எவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்திருப்பேன்! போன வாரம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எதிரில் வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அக்கா, ஒங்க பேரு... நாக்கு நுனியில நிக்குது...” என்றாள். என் பெயர் மறந்துவிட்டதாம். எதிரெதிரே நின்று மடித்தவள். ஏசிக்குள் போனால் மனுஷருக்கு எவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுகிறது, பாருங்கள்.

அவள் விழுந்த பிறகு கொஞ்ச நாள் மோர்ப்பானை வைத்தார்கள். ஒத்திக் காட்டுவதையும் நிறுத்தினார்கள். ஆர்டர் முடிந்ததும் பானை போய்விட்டது. இந்தச் சித்திரையில் மறுபடி வெள்ளை ஆர்டர் வந்திருக்கிறது. துண்டும் வந்துவிட்டது. ஆனால் சென்னியப்பன் சார் இப்போது துண்டை உதறிக் காட்டுவதில்லை. சத்தம் போடாமல் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்.

தங்கச்சி நிற்கப் போகிற இடம் அதுதான். என் எதிர் இடம். முனீஸ்வரி போனதிலிருந்து அங்கே ஆள் நிலைக்கவில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் தலைசுற்றல், வாந்தி. ஒரு வாரம் தாண்டுவதில்லை. உங்கள் மகளுக்கு வேர்க்காது என்கிறீர்கள். சாருக்குப் பிடித்துப்போகும். உடனே எடுத்துக்கொள்வார். ஆனால் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், அக்கா, பிறகு மனஸ்தாபம் வரக் கூடாது. சாம்பிள் ரூமில் இன்னொரு ஆள் போடப்போவதாகப் பேச்சு இருக்கிறது. அது என் முறை. தங்கச்சிக்கு எத்தனைதான் வேர்க்காமல் இருந்தாலும், அது என் முறை. சரிதானே?

இதோ, ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கி வாருங்கள். நானே சாரிடம் அழைத்துப் போகிறேன்.

நான் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் எழுந்து, சர்டிபிகேட் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, துப்பட்டாவின் நுனியைப் பிடித்து இழுத்து, அவளை மறுபடியும் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.